கீரையை வரப்பில் பறிக்கலாம், காளானை வீட்டில் வளர்க்கலாம்

கொங்குப் பக்கத்தில் "காட்டுக்குப் போறேன்" என்றால் வனத்துக்குப் போவதாக அர்த்தமில்லை. மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். இங்கே நான் சொல்லும் காடும் அதுதான்: வரப்பு, வேலியோரம், கிணற்றுமேடு, களை வெட்டாமல் விட்ட கடலைக்காடு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லை. காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். அதற்கெல்லாம் அவசியமும் இல்லை. புரட்டாசியில் இரண்டு மழை நின்று பெய்தால் போதும், களை என்று வெட்டி எறிவதில் பல செடிகள் பொரியலுக்கும் கடைசலுக்கும் ஆகும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கீரையை வெளியில் பறிக்கலாம், கற்றுக்கொண்டு. காளானை வெளியில் பறிக்க வேண்டாம், வீட்டில் வளர்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் காளானுக்கு வரும்போது சொல்கிறேன்.

முதல் வருடம் மூன்று செடி போதும்

ஆர்வத்தில் முதல் வாரமே முப்பது செடியின் படத்தைச் செல்போனில் சேர்த்துக்கொண்டு கிளம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஒரு மாதத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போனது. அப்புறம்தான் எங்கள் காட்டுக்குக் களைவெட்ட வரும் ஒரு பாட்டியுடன் நடக்க ஆரம்பித்தேன். அவருக்கு எத்தனை செடி தெரியும் என்று எண்ணிச் சொல்லத் தெரியாது. ஆனால் தெரிந்த செடியை இரண்டு இலை விட்ட நாற்றிலேயே சொல்லிவிடுவார்.

முதல் வருடத்துக்குக் குப்பைக்கீரை, பருப்புக்கீரை, முடக்கத்தான் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் கிடைக்கும். இந்த மூன்றையும் நாற்றாக, பூவோடு, காயோடு, காய்ந்து நிற்கும் நிலையில் என்று நான்கு பருவத்திலும் பார்த்துவிடுங்கள். இலையை மட்டும் பார்த்துக் கற்றவர் ஏமாறுவார். ஒரே செடி நிழலில் அகன்ற இலையும், வெயிலில் சுருங்கிய சிவந்த இலையும் விடும். பூவும் காயும் அப்படி மாறுவதில்லை.

முடக்கத்தானையே பாருங்கள். இலை மூன்று மூன்றாகப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். நூல்போல் பற்றுக்கம்பி விட்டு வேலியில் ஏறும். இந்த விவரம் வேறு கொடிகளுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் காயைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. காற்றடைத்த பச்சைப் பை மாதிரி மூன்று பக்கமாக உப்பியிருக்கும். முற்றியதைப் பிரித்தால் உள்ளே மிளகளவு கறுப்பு விதை, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஒரு இதயக் குறி. இதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர் மறக்க மாட்டார். தோசை மாவில் அரைத்துக் கலக்க இளம் இலை ஒரு கைப்பிடி போதும். கூடினால் கசக்கும்.

ஒடித்துப் பார்ப்பது

பருப்புக்கீரைக்கு வருவோம். தரையோடு தரையாகப் படரும். சிவந்த, நீர் நிறைந்த தண்டு. தடித்த, வழுவழுப்பான சின்ன இலை. சிறிய மஞ்சள் பூ காலையில் விரிந்து வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். இதே இடத்தில், சில நேரம் இதே கொத்துக்குள், சித்திரப்பாலாடையும் படர்ந்திருக்கும். அதுவும் சிவந்த தண்டு, சின்ன இலை, தரையோடு படர்வது. அவசரத்தில் பறிக்கும் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் முதல்தடவை ஒரு கொத்தை அப்படியே அள்ளியபோது பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒடிச்சுப் பாரு கண்ணு, பால் வருதா?" ஒடித்தேன். ஒரு தண்டில் வெறும் தண்ணீர். பக்கத்துத் தண்டில் வெள்ளையாக ஒரு சொட்டுப் பால். அதற்கப்புறம் இரண்டையும் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது: பால் வந்ததன் தண்டு கம்பிபோல் மெலிந்தது, இலை தட்டையானது, சதைப்பற்றே இல்லை. இன்றைக்கும் பருப்புக்கீரை பறித்தால் கொத்துக் கொத்தாக ஒடித்துத்தான் கூடையில் போடுகிறேன்.

பிரண்டைக்கும் இதே சோதனைதான். நாலு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு ஒடியும், கணுவில் பற்றுக்கம்பியும் இலையும் இருக்கும். சதுரக்கள்ளியின் இளங்கிளையும் பட்டை பட்டையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் முள் உண்டு, கீறினால் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. பிரண்டையில் பால் கிடையாது, அரிப்புத்தான். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் துவையலில் அரிப்பு தெரியாது.

பால் வந்தால் விஷம், வராவிட்டால் உணவு என்று இதைப் பொதுவிதியாக்கிவிடாதீர்கள். ஊமத்தையில் பால் வராது, ஆனால் இலை முதல் விதை வரை விஷம். ஒடித்துப் பார்ப்பது, ஏற்கெனவே தெரிந்த ஒரு செடியை அதன் போலியிலிருந்து பிரித்தெடுக்க மட்டும் உதவும்.

குப்பைக்கீரையில் பார்க்க வேண்டியது இலை நுனி. நடுவில் லேசாகக் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். முள்ளுக்கீரை இதற்கு நெருங்கிய சொந்தம். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டிரண்டாக முள் வைத்திருக்கும். அதுவும் உண்ணக்கூடியதுதான், பறிப்பவர் விரலுக்குத்தான் கஷ்டம். இரண்டையும் வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளி எடுங்கள். கிள்ளிய இடத்தில் பக்கக்கிளை விட்டு மறுபடி துளிர்க்கும். சங்கப் பாடல் ஒன்றில், வறுமையில் வாடும் பெண் ஒருத்தி குப்பைக்கீரையில் முன்பு கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த தளிரைக் கொய்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். கிள்ளும் முறை அன்றைக்கும் இதுதான் போலிருக்கிறது.

பெயரை நம்பாதீர்கள்

ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும். பசலை என்றால் ஒரு ஊரில் கொடிப்பசலை, இன்னொரு ஊரில் தரையில் படரும் பருப்புக்கீரை, சென்னைக் காய்கறிக் கடையில் பாலக். மணத்தக்காளிக்கு மிளகுதக்காளி என்றும் பெயர், எங்கள் பக்கம் சுக்குட்டிக்கீரை. இதன் ஆங்கிலப் பெயரை இணையத்தில் தேடினால் ஐரோப்பாவில் விளையும் வேறொரு கொடிய விஷச்செடியின் பெயரும் கூடவே வந்து பயமுறுத்தும். அந்தச் செடி நம் சமவெளியில் விளைவதில்லை. அதேநேரம் மணத்தக்காளியின் பச்சைக்காயை அப்படியே வாயில் போடாதீர்கள். பழுத்துக் கறுத்ததைத் தின்னலாம். பச்சைக்காய் மோரில் ஊறி வெயிலில் காய்ந்து வற்றலாகட்டும்.

அதனால் பெயரோடு செடியையும் சேர்த்து வையுங்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டால் காய்ந்துவிடும். இடையில் இரண்டு தடவை தாளை மாற்றுங்கள். பறித்த இடம், தேதி, அந்த ஊரில் சொன்ன பெயர் மூன்றையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். செல்போன் செயலி சொல்லும் பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. ஒரு செயலி எனக்குத் தூதுவளையைக் கண்டங்கத்திரி என்று காட்டியது. தூதுவளை வேலியில் ஏறும், முள் கொக்கிபோல் வளைந்திருக்கும், பழம் சிவப்பு. கண்டங்கத்திரி தரையில் கிடக்கும், முள் ஊசிபோல் நேராக இருக்கும், பழம் மஞ்சள். பாட்டியிடம் கேட்டால் ஒரு நொடி வேலை.

சமைக்கும் செடியைக் கற்பதற்கு முன் கொல்லும் செடியைக் கற்றுவிடுவது நல்லது. எண்ணிக்கையில் அவை குறைவு. ஊமத்தை, அரளி, குன்றிமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள். இதில் செங்காந்தள் பூக்கும் முன்பு வேலியில் சாதுவான கொடியாக நிற்கும். அடையாளம் இலை நுனியில் இருக்கிறது: நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகியிருக்கும். மண்ணுக்குள் கலப்பை வடிவில் கிழங்கு, அதனால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். இலங்கையில் கார்த்திகைப்பூ என்பார்கள். அங்கே இதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. எங்கள் பக்கம் மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதிலுள்ள கோல்ச்சிசின் மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. மாநில மலர் என்ற பெருமையெல்லாம் சரி, கிழங்குப் பக்கம் போக வேண்டாம்.

எங்கே பறிப்பது, எப்படித் தின்பது

செடி சரியாக இருந்தும் இடம் தவறாக இருக்கலாம். சாக்கடை ஓரத்துப் பொன்னாங்கண்ணி தளதளவென்று இருக்கும். அது குடித்தது சாக்கடை நீரைத்தான். தண்ணீரில் உள்ள கன உலோகம் கழுவினால் போகாது. பெரிய சாலையோரம், சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், நாய் நடக்கும் இடம் எல்லாம் வேண்டாம். இன்றைக்கு இதைவிடப் பெரிய தொல்லை களைக்கொல்லி. அடித்த இரண்டு மூன்று நாள் செடி பச்சையாகவே நிற்கும், பார்த்துத் தெரியாது. அதனால் நிலத்துக்காரரிடம் "மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்காமல் பறிக்காதீர்கள். கேட்டால் அநேகமாகப் பறிக்கவும் விடுவார்கள், இன்னும் எங்கே நல்ல கீரை நிற்கிறது என்பதையும் சொல்வார்கள்.

புதிய கீரை ஒன்றை முதன்முறை சாப்பிடும்போது அதை மட்டும் தனியாகச் சமையுங்கள். நாலு கீரையைக் கலந்து கடைந்துவிட்டு வயிறு சரியில்லை என்றால் எதைக் குற்றம் சொல்வது? இரண்டு கரண்டி சாப்பிட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். குப்பைக்கீரை, பருப்புக்கீரை இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களும் வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாதகமில்லை.

இரண்டாம் வருடம் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, புளியாரை என்று சேர்த்துக்கொள்ளலாம். புளியாரைக்கு இதய வடிவில் மூன்று இலை, மென்றால் புளிக்கும். நாலு இலை இருந்து வயல்நீரில் நின்றால் அது ஆரைக்கீரை.

காட்டுக் காளானை ஏன் விட வேண்டும்

கீரையில் தவறு செய்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகும். காளானில் அப்படி இல்லை. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வருடா வருடம் காளான் பறித்துப் பழகியவர்கள் உள்ள பகுதி அது.

கொல்லும் வகைகள் சிலவற்றில் உள்ள அமட்டாக்சின் என்ற விஷம் வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டதும் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் வரும். அப்புறம் ஒரு நாள் உடம்பு தேறியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் காளான் சாப்பிட்டபின் வாந்தி எடுத்தால், நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்காமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊரில் சொல்லும் சோதனை எதுவும் செல்லாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், மஞ்சள் சிவக்கும், பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் பொய். நத்தையும் புழுவும் விஷக்காளானைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும்.

நம் ஊரில் மழைக்கு அப்புறம் புல்வெளியிலும் எருக்குழி ஓரத்திலும் வரும் பெரிய வெள்ளைக் குடைகளில் ஒன்று அடிக்கடி ஏமாற்றுகிறது. மேலே பழுப்புச் செதில், குடைக்கு அடியில் தாள் தாளாக இருக்கும் மடிப்பு முதலில் வெள்ளை. முற்றியபின்தான் மடிப்பு பச்சையாக மாறும். இளசாகப் பறித்தவர் அந்தப் பச்சையைப் பார்ப்பதே இல்லை. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடுமையான வாந்தி.

"எங்க ஊரில் புற்றுக்காளான் சாப்பிடுவோமே" என்பீர்கள். உண்மைதான், அதன் ருசிக்கு ஈடில்லை. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையின் குடை அது. நடுவில் கூரான முனை இருக்கும், தண்டு வேர்போல் நீண்டு புற்றுக்குள் இறங்கும். கறையான் இல்லாமல் அது குடைவிடாது என்பதால் வீட்டில் வளர்க்கவும் வழியில்லை. அந்த ஊரில் தலைமுறையாகப் பறிப்பவர் கூடவே நின்று எடுத்துக்கொடுத்தால் நான் சாப்பிடுவேன். என் கண்ணை நம்பிப் பறிக்க மாட்டேன்.

சிப்பிக்காளான்: வைக்கோலும் பொறுமையும்

சிப்பிக்காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வெப்பம் பிடிக்கும். ஐப்பசி முதல் மாசி வரை சமவெளியில் சுலபமாக வரும். கோடையில் 30 முதல் 35 டிகிரியில் வரும் பால்காளான் ஏற்றது. ஆனால் அதற்கு வேகவைத்த மண்ணால் மேலே மூடாக்குப் போட வேண்டும், வேலை ஒரு பங்கு கூடுதல். முதலில் சிப்பியைக் கற்றுக்கொள்ளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் பயிற்சி தருகின்றன. விதை எங்கே நம்பி வாங்கலாம் என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

விதை என்பது வேகவைத்த சோளத்தில் பூஞ்சையைப் பரவவிட்டது. பொட்டலம் முழுக்கப் பஞ்சுபோல் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளியோ புளித்த வாடையோ இருந்தால் வாங்காதீர்கள். வைக்கோலையும் விதையையும் அடுக்கடுக்காகப் பாலித்தீன் பையில் அடைத்துத்தான் காளான் வளர்க்கிறோம். கால் கிலோ பொட்டலம் இரண்டு பைக்கு வரும்.

வைக்கோல் அந்தப் பருவத்தினுடையதாக, பொன்னிறமாக, மழையில் நனையாததாக இருக்கட்டும். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். கார்பண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் பார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் உண்டு. பெரிய பண்ணைக்காரர்கள் செய்கிறார்கள். வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் பார்மலினை நான் வைக்க மாட்டேன்.

இனி வருவதுதான் பலரும் கோட்டைவிடும் இடம், நானும் விட்டேன். வேகவைத்த வைக்கோலை வடிகட்டி, சுத்தமான விரிப்பில் நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பிடி எடுத்து முழு பலத்தோடு பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. என் முதல் நாலு பையிலும் பிழிந்தால் இரண்டு சொட்டு விழுந்தது. பரவாயில்லை என்று கட்டிவிட்டேன். ஒன்பதாம் நாள் அடிப்பக்கம் பாசி நிறத்தில் பூஞ்சணம், பையைத் திறந்தால் புளித்த கள் வாடை. நாலையும் குழிதோண்டிப் புதைத்தேன். மறுமுறை வெயில் தாழும்வரை ஆறவிட்டுக் கட்டியதில் ஒன்றுகூடக் கெடவில்லை.

பை 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம். அடியைக் கட்டி உள்பக்கம் திருப்பினால் உருளையாக நிற்கும். நடுவில் எதிரெதிராக இரண்டு துளை போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டு அங்குலம் வைக்கோல், லேசாக அழுத்தி, ஓரமாகச் சுற்றி ஒரு சின்னக் கைப்பிடி விதை. அதாவது 25 கிராம் அளவு. மறுபடி வைக்கோல், மறுபடி விதை. விதை நாலைந்து அடுக்கு வரும். மேலே வைக்கோலால் மூடி இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

இருட்டான, காற்று அதிகம் அடிக்காத இடத்தில் 15 முதல் 20 நாள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், தினமும் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். பை முழுக்க வெள்ளையானதும், செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றி, பிளேடால் நாலைந்து கீறல் போடுங்கள். சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கட்டும். தெளிப்பதெல்லாம் சாக்கிலும் தரையிலும், பையின் மேல் பனிபோல் கொஞ்சம். நாலைந்து நாளில் குண்டூசித் தலைபோல் மொட்டு வரும். அடுத்த மூன்றாம் நாள் அறுவடை.

காளானே குறையைச் சொல்லும். தண்டு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை. ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. மொட்டு மஞ்சளாகி அழுகினால் தண்ணீர் அதிகம். சின்ன ஈக்கள் வந்தால் ஜன்னலுக்கு நைலான் வலை கட்டுங்கள். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையை அறைக்குள் திறக்காமல் வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

குடையின் ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கும்போதே கொத்தோடு திருகி எடுத்துவிட வேண்டும். ஓரம் விரிந்து மேலே சுருண்டால் வித்துத்தூள் கொட்ட ஆரம்பிக்கும். படுக்கையறை மூலையில் பை வைத்து இரண்டு வாரம் இருமிய அனுபவம் எனக்கு உண்டு. ஆஸ்துமா உள்ள வீட்டில் காளானுக்குத் தனிக்கொட்டகை கட்டுங்கள். அடுத்த ஈடு ஏழிலிருந்து பத்து நாளில் வரும், மொத்தம் மூன்று ஈடு. என் பைகளில் அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடையில் கிடைக்கிறது.

ஒன்று கவனியுங்கள். ஈரம் கூடிய பையில் சிலசமயம் மெலிந்த சாம்பல் நிறக் குடைகள் முளைத்து, மறுநாளே மைபோல் கரைந்து ஒழுகும். விதைத்தது அது இல்லை. நம் பையில் முளைத்தது என்பதற்காகச் சட்டியில் போடாமல் பிடுங்கி எறியுங்கள்.

சின்ன வெங்காயம், இடித்த மிளகு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய் இவ்வளவுதான் சிப்பிக்கு வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே விடும். நன்றாக வேகட்டும்.

மூன்று ஈடு முடிந்த வைக்கோலை முருங்கை மரத்தடியில் கொட்டுகிறேன். போன ஐப்பசி மழையில் அந்தக் குவியல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கொத்து முளைத்திருந்தது. பார்த்தால் சிப்பிபோலத்தான் இருந்தது. கூடையோடு போன நான், பக்கத்திலிருந்த குப்பைக்கீரையை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.